பொட்டு இருக்கிறது, ஆகவே மாமா இருக்கிறார்

என் வாழ்நாளில் நான் மேடையேறிப் பேசிய முதல் பேச்சு, மனிதனுக்கு அறிவு எப்படி உண்டாகிறது என்பதைப் பற்றியது. எனக்கும் அந்தப் பொருளுக்கும் அதற்கு முன் எந்தச் சம்பந்தமும் இருந்ததில்லை. பின்னாலும் பெரிதாக ஏற்பட்டுவிடவில்லை என்று என் மனைவி சொல்லுவாள்.

கடல் கடந்த நாட்டில், செனாய் என்ற ஊரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டம். ரப்பர் விலை படுத்துவிட, பாதி ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்ட காலம். மிஞ்சிய பிள்ளைகளுக்கு ஒரே அறை, ஒரே வாத்தியார். சரஸ்வதி பூசையன்று மாலை மாரியம்மன் கோயில் முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாட்டுப் பாடுவார்கள், கும்மியடிப்பார்கள். ஒருவன் மட்டும் சொற்பொழிவு செய்வான். அந்த வருஷம் அந்த ஒருவன் நான். நன்றாகப் படித்தேன் என்பதனால் அல்ல. நன்றாகப் படித்தவன் கப்பலேறிப் போய்விட்டான்.

வாத்தியாருக்குச் சைவ நூல்களில் பித்து. மற்ற தோட்டத்துப் பிள்ளைகள் பசுவின் பயன்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, எனக்கு அவர் கொடுத்த பொருள் அளவை. அறிவுக்கு வழி மூன்று. கண்ணால் கண்டு அறிவது காண்டல். கண்டதைக் கொண்டு காணாததை அறிவது கருதல். நம்பத் தகுந்தவர் சொல்லக் கேட்டு அறிவது உரை. நம்பத் தகுந்தவர் யார் என்றால், சொல்லுகிற விஷயத்தில் தமக்கென்று ஆசை எதுவும் இல்லாதவர். இதையெல்லாம் ஒரு சொல் விடாமல் மனப்பாடம் செய்தேன். அதன் பொருள் என்ன என்கிற தொந்தரவு இல்லாததால் மனப்பாடம் சுலபமாகவே இருந்தது.

பேசிப் பழகுவதற்கு ரப்பர் மரங்களிடம் போவேன். வரிசையாக நின்று, கொட்டாவி விடாமல், எழுந்து போகாமல் என்னைக் கேட்ட கூட்டம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

கருதலுக்கு வாத்தியார் எழுதிக் கொடுத்த உதாரணம், மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு உண்டு என்று அறிகிறோம் என்பது. அங்கேதான் வில்லங்கம் வந்தது. எங்கள் தோட்டத்து மேட்டில் நின்றால் தூரத்தில் புலாய் மலை தெரியும். ஒரு நாள் விடியற்காலையில் பார்க்கிறேன், மலை முழுக்க வெள்ளைப் புகை. படித்தது பலித்துவிட்ட ஆனந்தத்தில் கூலியாட்களின் வரிசை வீடுகள் இருந்த லயம் லயமாக ஓடி, மலை பற்றிக்கொண்டது என்று கத்தினேன். இரண்டு பேர் பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேவிட்டார்கள்.

வாத்தியார் என் காதைத் திருகினார். "அது பனிடா! பனிக்கும் புகைக்கும் வித்தியாசம் தெரியாத பய அளவை பேசப் போறான்."

அதன் பிறகு நான் எங்கே போனாலும், "என்ன தம்பி, மலை வெந்திருச்சா, இறக்கிரலாமா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். மேடையில் நான் புகை என்று வாயைத் திறந்தால் கூட்டம் சிரிக்கும் என்பது உறுதியாகிவிட்டது. வாத்தியாரும் பார்த்தார். இந்தத் தோட்டத்திலேயே வேறு ஓர் உதாரணம் பிடித்துக்கொண்டு வா என்று என்னை விரட்டிவிட்டார்.

நான் உதாரணத்துக்கு அலைந்துகொண்டிருந்த அந்த நாட்களில்தான் வீட்டில் வேறொரு காரியம் நடந்துகொண்டிருந்தது.

அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். அவள் புருஷன், என் மாமா, மெர்சிங் பக்கம் காடு வெட்டப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. போனவர் போனவர்தான். அத்தை விடியுமுன் எழுந்து, கண்ணாடி இல்லாமலே நெற்றியில் பெரிதாகக் குங்குமம் வைத்துக்கொண்டு, பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் நிற்பாள். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு பால் வெட்டப் போவாள். மாமாவைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அவளும் பேசுவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கங்காணி தன் மைத்துனரைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். மைத்துனருக்குத் தம்போய் என்ற ஊரில் வேலை. மனைவி செத்து ஒரு வருஷம். தலையில் எண்ணெய், கையில் குடை, முகத்தில் துக்கம், மூன்றும் அளவாக இருந்தன. மெர்சிங் காட்டில் ஜுரம் கண்டு மாமா இறந்துபோனதாகச் சேதி கிடைத்திருக்கிறது என்றார் அந்த மைத்துனர்.

உள்ளேயிருந்து அத்தையின் குரல் மட்டும் வந்தது. "நீங்க பாத்தீங்களா?"

"நான் பாக்கலம்மா. கூட நின்னு மண்ணு தள்ளினவன் சொன்னான். அவன் பொய் சொல்ற ஆளில்ல."

மூலையில் உட்கார்ந்திருந்த எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "அது உரை!" என்று எழுந்து நின்றேன். "ஆனால் உரை சொல்பவர் தமக்கென்று ஆசை எதுவும் இல்லாதவராக இருத்தல் வேண்டும்!"

தம்போய்க்காரர் முகம் கறுத்துப்போயிற்று. கங்காணி, "ஏப்பா, ஒம் மகன் என்ன வக்கீலுக்குப் படிக்கிறானா?" என்றார். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் நான் வாசலைத் தாண்டி விழுந்தேன். அடுக்களையில் அத்தை சிரிப்பது கேட்டது. என் ஞாபகசக்தியை மெச்சுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

லயத்தின் பலகைச் சுவருக்கு வெளியே நின்றால் உள்ளே பேசுவது அத்தனையும் கேட்கும்.

"வர்ற அமாவாசைக்குக் கருமாதியச் செஞ்சு முடிச்சிருவோம்" என்றார் கங்காணி. "தர்ப்பையில உருவம் செஞ்சு கொளுத்தினா தீந்துச்சு. தை பொறந்ததும் என் மச்சான் தாலி கட்டட்டும். ஆம்பளத் தொணையில்லாம ஒத்தப் பொம்பள லயத்துல எத்தன நாளைக்குக் கெடப்பா, சொல்லு?"

எங்கள் ஆட்களில் தாலியறுத்தவள் மறுபடி கட்டிக்கொள்வதற்குத் தடையில்லை. கங்காணி கேட்டது நியாயத்துக்கு விரோதமானதும் அல்ல. காலையில் யார் பெயரைக் கூப்பிட்டு வேலை கொடுப்பது, யாரைக் கப்பலுக்கு அனுப்புவது என்பதும் அவர் வாயில்தான் இருந்தது. அப்பா சரி என்று சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. தலையைச் சொறியும் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் அதற்குச் சரி என்று அர்த்தம்.

அவர்கள் போன பிறகு அத்தை கேட்டாள். "அண்ணே, நாளைக்கு அவரு வந்து நின்னார்னா?"

"வர்றவரு மூணு வருசமா வராமயா இருப்பாரு?" என்றார் அப்பா. அம்மா விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அத்தைக்கு எது வேண்டும் என்று யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. எனக்கும் தோன்றவில்லை. எனக்கு உதாரணக் கவலை.

பூசைக்கு முந்திய வெள்ளிக்கிழமை அத்தை என்னை உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்தாள். "ஒம் பேச்சு என்னாச்சுடா?" என்று கேட்டாள். நான் அழாத குறையாக விஷயத்தைச் சொன்னேன்.

தேய்த்துக்கொண்டே கேட்டாள். "கண்டத வெச்சுக் காணாததச் சொல்லணும், அவ்வளவுதானே? என் நெத்தியப் பாரு. என்ன தெரியுது?"

"பொட்டு."

"ஒருத்தி பொட்டு வெச்சிருந்தா?"

"அவ புருஷன் இருக்காருன்னு அர்த்தம்."

"அதச் சொல்லு, போ."

எண்ணெய்த் தலையோடு நான் குதித்த குதியில் கிண்ணம் கவிழ்ந்தது. அதற்குக்கூட அவள் திட்டவில்லை. என்னை எதிரே நிற்கவைத்து, திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாள். "இன்னும் சத்தமா. கடைசியில ஒக்காந்திருக்கற கங்காணி காதுல விழணும்." பிறகு, "இப்பவே யார்கிட்டயும் சொல்லிராத. வாத்தியார்கிட்டயுந்தான். மேடையில புதுசா வந்து விழுந்தாத்தான் ருசி" என்றாள். இவ்வளவு ருசி தெரிந்தவளை ஏன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பூசையன்று மாலை கோயில் முன்னால் காஸ் விளக்கு ஏற்றியிருந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். முன்வரிசையில் கங்காணி, அப்பா, அவர்களோடு தம்போய்க்காரரும் குடையும். என்னைத் தூக்கிப் பலகை மேல் நிறுத்தினார்கள்.

ரப்பர் மரங்களுக்குக் கண் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. காண்டலை எப்படியோ ஒப்பித்துவிட்டேன். கருதலுக்கு வரும்போது முழங்கால் ஆடத் தொடங்கியது. "எங்கள் மாமாவை நாம் பார்க்கவில்லை," என்றேன். குரல் எனதாக இல்லாமல் கிரீச்சென்று வந்தது. "ஆனால் எங்கள் அத்தை நெற்றியில் பொட்டு இருக்கிறது. ஆகவே மாமா இருக்கிறார்."

முன்வரிசையில் கங்காணி அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

அடுத்தது உரை. அது என் தலையிலிருந்து அடியோடு போய்விட்டிருந்தது. வாத்தியார் பக்கத்திலிருந்து வாயசைத்தார், புரியவில்லை. தெரிந்ததையாவது சொல்லுவோம் என்று, "மாமா இருக்கிறார்" என்றேன். ஆட்டம் முழங்காலிலிருந்து இடுப்புக்கும் இடுப்பிலிருந்து தோளுக்கும் ஏறியது. கண்ணில் தண்ணீர் முட்டியது. "மாமா இருக்கிறார்! மாமா இருக்கிறார்!"

பெண்கள் பக்கமிருந்து குலவைச் சத்தம் கிளம்பியது. முதல் குலவை அத்தையுடையது. அடுத்த நொடி அத்தனை பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். பூசாரி ஓடிவந்து என் நெற்றி நிறையத் திருநீற்றைப் பூசி, வாயிலும் கொஞ்சம் போட்டார். "ஆத்தா! மலையேறும்மா!" என்று யாரோ கற்பூரம் காட்டினார்கள். கங்காணி எழுந்து, அன்று வீட்டில் என்னை வக்கீல் என்று கேலி செய்தவர், என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

"ஆத்தாளே வந்து சொல்லிட்டா. இதுக்கு மேல நாம யாருப்பா?" என்று அப்பாவிடம் சொன்னார்.

தம்போய்க்காரர் சுண்டலுக்குக்கூட நிற்காமல் குடையை எடுத்துக்கொண்டு நடந்தார். வாத்தியார் ஒருவர்தான், "இன்னும் உரை பாக்கியிருக்கே" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

எனக்குத் தெரிந்ததெல்லாம், பேச்சு பிரமாதமாக அமைந்துவிட்டது என்பதே. அளவைச் சாத்திரத்துக்கு இத்தனை வரவேற்பு கிடைக்கும் என்று வாத்தியாரே எதிர்பார்த்திருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அத்தை அன்று பெண்களுக்கு நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வீட்டில் கருமாதிப் பேச்சு நின்றது. தம்போய்ப் பேச்சும் நின்றது.

தீபாவளிக்கு மறுநாள் அமாவாசை. வேலை இல்லை. உச்சிப் பொழுதில், மிச்சமிருந்த ஒரு வெடியை யாருக்கும் தெரியாமல் வெடிக்கலாம் என்று லயத்துக்குப் பின்னால் ஓடைப் பக்கம் போனேன். அங்கே அத்தை தனியாக இருந்தாள். தலை முழுகி, ஈரக்கூந்தல் முதுகில் கிடக்க, தெற்கே பார்த்து உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் பொட்டு எப்போதும்போலப் பெரிதாக இருந்தது. எதிரே வாழையிலைத் துண்டு. அதில் சோறு, பொரித்த கருவாடு, ஓரமாக ஒரு சுருட்டு. கருவாடும் சுருட்டும் இல்லாமல் மாமா ஒரு நாள் இருந்ததில்லை என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

"யாருக்கு அத்தை?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். "காக்காய்க்குடா."

"காக்கா சுருட்டுப் பிடிக்குமா?"

 மரத்தைப் பார்த்துக் கா, கா என்று மெதுவாகக் கூப்பிட்டாள். ஒரு காகம் இறங்கி, இலையைச் சுற்றி நடந்து, கருவாட்டைக் கொத்தியது. சுருட்டைத் தொடவில்லை. பாவம், அது எப்படிப் பிடிக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஒருவருக்கும் சொல்லாமல் வீட்டுக்குள் ஓடி, அடுப்பு மேலிருந்த நெருப்புப் பெட்டியை எடுத்துவந்து அத்தையிடம் நீட்டினேன்.

அத்தை பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு, சத்தம் லயத்துக்குக் கேட்காதபடி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். மூன்று வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. உதவி செய்ய வந்தவனைப் பிடித்துவைத்துக்கொண்டு ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அவள் பிடியிலிருந்து தலையை வெளியே நீட்டி, காகம் பறந்துவிடப் போகிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.