லாரி பட்டறையில் நின்ற நாட்கள்

எங்கள் தெருமுனையில் லாரி நிற்கும் இடத்தில் முதலில் ஒரு கறுப்புத் திட்டு தெரிந்தது. மழைத் தண்ணீர் தேங்கியபோது அதன்மேல் நீலமும் ஊதாவுமாக நிறம் ஓடியது. "ஆயில் சொட்டுது போலருக்குங்க" என்று என் கணவரிடம் சொன்னேன். "பழைய வண்டி. கொஞ்சம் வேர்க்கத்தான் செய்யும்" என்றார். விடிவதற்குள் குண்டூருக்குக் கிளம்பியும் விட்டார்.

சொந்த லாரி. நாங்கள் வாங்கும்போதே இரண்டு பேர் ஓட்டிக் கழித்திருந்த டீசல் வண்டி. இங்கிருந்து காகிதக் கட்டுகளை ஏற்றிப் போவார், வரும்போது மிளகாய் மூட்டை. சில சமயம் நாக்பூர்வரை. நான் செங்கல்பட்டு கோர்ட்டுக்கு எதிரே ஒரு கடையில் மனுக்கள் டைப் அடிக்கிறேன். மகள் கோயம்புத்தூரில் தங்கிப் படிக்கிறாள். அவர் வீட்டுக்கு வருவது பெரும்பாலும் குளிக்கவும் தூங்கவும்தான். அழுக்குத் துணியைப் பையிலிருந்து எடுத்து உதறும்போது மிளகாய் நெடியில் தும்மல் வரும். தும்மி முடித்துத் திரும்பினால் தூங்கிப் போயிருப்பார்.

அந்த முறை சூளூர்ப்பேட்டை தாண்டி ஒரு மேம்பாலத்தில், முழு லோடோடு ஏறும்போது வண்டி இழுக்கவில்லை. என்ஜின் கத்துகிறதாம், சக்கரம் நகரவில்லையாம். எப்படியோ உருட்டிக்கொண்டு வந்து மூட்டைகளை இறக்கிவிட்டு, திருக்கழுக்குன்றம் போகிற ரோட்டில் இருக்கும் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினார். பட்டறைக்காரர் அவரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். மத்தியானச் சோறு எடுத்துக்கொண்டு நான் போனபோது வண்டிக்கு அடியிலிருந்து பட்டறைக்காரரின் கால்கள் மட்டும் தெரிந்தன. பேச்சும் அங்கிருந்தேதான் வந்தது.

"மச்சான், என்ஜினுக்குப் பின்னாடி ஆயில் சீல் பூட்சி. ஆயில் ஒழுகி கிளட்ச் பிளேட்ட நனைச்சிகினு கீது. அதான் வழுக்குது."

"மாத்திடு."

"மாத்துறது பெரிசில்ல. கியர்பாக்ஸ எறக்கணும், கிளட்ச கழட்டணும், பிளைவீல கழட்டணும். அப்பாலதான் அது கண்ணுலயே படும்."

கடையிலிருந்து வாங்கி வந்திருந்த புது சீலை என் கையில் கொடுத்தார் கணவர். என் வளையலைவிடக் கொஞ்சம் பெரிய ரப்பர் வட்டம், உள்விளிம்பு உதடுபோல மெல்லியதாக. கனமே இல்லை. இதற்காகவா அவ்வளவு பெரிய வண்டியைப் பிரித்துப் போடுகிறார்கள் என்று தோன்றியது.

வண்டி பட்டறையில் நின்றதால் அவர் வீட்டில் இருந்தார். வீட்டில் எப்படி இருப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. விடியுமுன்பே எழுந்து உட்கார்ந்துகொள்வார். ஒழுகிய குழாயைச் சரிசெய்தார். அலமாரிக் கதவுக்கு எண்ணெய் விட்டார். செய்ய ஒன்றுமில்லாதபோது, என் வேலை முடிகிற நேரத்துக்குக் கோர்ட் வாசல் டீக்கடையில் வந்து நின்றார். முதல் நாள் எனக்குப் பயமாகிவிட்டது.

"இன்னாங்க ஆச்சு?"

"ஒன்னும் ஆவல. சும்மாதான் வந்தேன்."

இருவரும் கொளவாய் ஏரிப் பக்கமாக நடந்து வீட்டுக்குப் போனோம். ஏரியை ஒட்டி மின்சார ரயில் போனது. நான் தினமும் பார்க்கிற ஏரிதான். அவர் நின்று நின்று பார்த்தார். "இவ்ளோ தண்ணி கீதா இதுல?" என்றார், வெளியூர்க்காரர் மாதிரி. அடுத்த நாளும் வந்தார். கடையில் கூட வேலை செய்யும் பெண்கள் கண்ணாடி வழியாகப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. நாளைக்கும் வர வேண்டும் என்றும் இருந்தது.

சீல் மாற்றி, புது கிளட்ச் பிளேட் போட்டு, கியர்பாக்ஸைத் திரும்ப ஏற்றினார்கள். அன்று எனக்கு விடுமுறை, நானும் பட்டறையில் இருந்தேன். வண்டியை ஸ்டார்ட் செய்து ஓடவிட்டு எல்லோரும் அடியில் விரித்த அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு சொட்டு விழுந்தது. அதன் பக்கத்திலேயே இன்னொன்று.

பட்டறைக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டார். மறுபடியும் எல்லாவற்றையும் இறக்கினார்கள். சீலுக்குள் சுழலும் கிராங்க் ஷாஃப்ட்டின் முனையைத் துடைத்துவிட்டு அவர் நகத்தால் தடவிப் பார்த்தார்.

"என் தப்புதான் மச்சான். மொதல்லயே தொட்டுப் பாத்திருக்கணும். பழைய சீல் ஒரசி ஒரசி ஷாஃப்ட்டே தேஞ்சி பள்ளமாயிட்சி. அந்தப் பள்ளத்துல புதுசு எப்படி புடிக்கும்? மேல மெல்லிசா ஒரு இரும்பு வளையம், ஸ்லீவ்னுவாங்க, அத ஏத்தணும். மெட்ராஸ்லருந்து வரணும்."

"எத்தினி நாளு?"

"அனுப்புறவன் கைலதான் கீது."

கணவர் முகம் தொங்கிப்போனது. ஏற்ற வேண்டிய சரக்கு ஒன்று காத்துக்கொண்டிருந்தது. நான் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். வீட்டுக்கு நடக்கும்போது கேட்டார்:

"உனக்கு சந்தோசமா கீது போல?"

"எனக்கு இன்னா சந்தோசம்?"

"மூஞ்சில தெரியுது."

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவரும் விட்டுவிட்டார். ஆனால் ஏரிக்கரையில் வழக்கத்தைவிட அதிக நேரம் உட்கார்ந்திருந்தோம்.

ஸ்லீவ் வந்தது. அதை ஏற்றி, மறுபடி புது சீல் வைத்து மூடினார்கள். இந்த முறை அட்டையில் சொட்டு விழவில்லை. நின்ற இடத்தில் ஓடுவதை நம்ப முடியாது, ரோட்டில் சூடேறிய பிறகுதான் தெரியும் என்றார் பட்டறைக்காரர்.

"கடல் வரைக்கும் போய்ட்டு வா மச்சான். தங்கச்சியும் போவட்டும். வழியில எறங்கி அடியில லைட் அடிச்சிப் பாக்க ஒரு ஆள் வோணும்."

இத்தனை வருஷத்தில் அந்த வண்டியில் நான் ஏறியதே இல்லை. படி உயரமாக இருந்தது. அவர் உள்ளிருந்து கை கொடுத்து, "வாம்மே" என்று தூக்கிவிட்டார். சீட்டுக்குப் பின்னால் அவர் படுக்கிற பலகை, ஒரு போர்வை, சீப்பு, நான் மடித்துக் கொடுத்த சட்டைகள். அவர் வீடு இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

திருக்கழுக்குன்றத்தில் மலை தெரிகிற இடத்தில் முதலில் நிறுத்தினார். நான் இறங்கிக் குனிந்து போன் வெளிச்சத்தில் பார்த்தேன். "காஞ்சிதான் கீது" என்று கத்தினேன். மாமல்லபுரம் தாண்டி, கோவளம் போகிற ரோட்டில் சவுக்குத்தோப்பு ஓரமாக மறுபடி நிறுத்தினார். இப்போது அவரும் இறங்கி, கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார். விரலில் தூசி மட்டும்தான் ஒட்டியது.

உடனே திரும்பியிருக்கலாம். இருவருமே ஏறவில்லை. மரங்களுக்கு நடுவே கடல் தெரிந்தது. கூடையோடு வந்த பெண்ணிடம் வேர்க்கடலை வாங்கி பம்பரில் சாய்ந்தபடி தின்றோம்.

"அவ்ளோ தூரம் தனியா ஓட்டிகினு போறீங்களே, இன்னாதான் நெனச்சிகினு இருப்பீங்க?"

"உங்கூடதான் பேசிகினு போவேன்."

"போன்லதான் நீங்க பேசுறதே இல்லியே."

"போன்ல இல்ல. சும்மா. நான் பாட்டுக்குப் பேசுவேன்."

"நான் இன்னா சொல்லுவேன்?"

"திட்டுவ" என்று சிரித்தார். அப்புறம் கடலைத் தோலை ஊதிவிட்டு, "சில நாளு பாடுவ" என்றார்.

நான் பாடி வருஷக்கணக்காகிறது. அவர் எப்போது கேட்டார் என்று எனக்கு ஞாபகமே இல்லை. அவர் பார்க்காதபடி கடல் பக்கம் திரும்பி நின்றேன்.

"என்னையும் ஒரு டிரிப்புக்கு இட்டுகினு போங்க" என்றேன்.

"நெல்லூர் லோடு வந்தா வா. கிட்டதான்."

பட்டறைக்குத் திரும்பிய போதே அவர் போன் அடித்தது. நெல்லூர் இல்லை, நாக்பூர். சரக்கு காத்திருந்ததால் உடனே ஏற்ற வேண்டும் என்றார்கள். எனக்கு மறுநாள் கோர்ட் வேலை. வீட்டுக்கு வந்து பையில் சட்டைகளை வைத்துக் கொடுத்தேன். வண்டி தெரு திரும்பும்போது கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

அதற்குப் பிறகு பல முறை வந்து போய்விட்டார். சீல் ஒழுகவே இல்லை. பட்டறைக்காரர் எங்கே பார்த்தாலும் அதைச் சொல்லிச் சந்தோஷப்படுகிறார். நானும் தலையாட்டுகிறேன். சில நாள் மாலையில் ஏரிக்கரை வழியாகத் தனியாக நடந்து வருகிறேன். அந்த நேரத்தில் அவர் எந்த ரோட்டில் இருப்பார், நான் அங்கே திட்டிக்கொண்டிருப்பேனா பாடிக்கொண்டிருப்பேனா என்று யோசிப்பேன்.

மே மாதம் கோர்ட்டுக்கு விடுமுறை. அப்போது எந்த லோடாக இருந்தாலும் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். இப்போதுதான் பொங்கல் முடிந்திருக்கிறது.