இரண்டாவது கோல்கீப்பரின் ஞாயிற்றுக்கிழமைகள்

கால்பந்து அணியில் இரண்டாவது கோல்கீப்பர் என்றால், ஆட்டம் முடிந்த பிறகும் சட்டையில் மண் ஒட்டாமல் வீட்டுக்குப் போகிறவர் என்று அர்த்தம். மேலே இருப்பவர் எப்போது ரிட்டயர் ஆவார் என்று ஆபீசில் காத்திருந்த அனுபவம் உங்களில் பலருக்கு உண்டு. எனவே என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

தொண்ணூறுகளின் நடுவில், சென்னையில் ஒரு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, சாஃப்ட்வேர் மனைவியின் பின்னால் சன்னிவேலுக்குப் போனேன். என் விசாவில் வேலை பார்க்க அனுமதி கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நம் ஊர் எஞ்சினியர்கள் ஆடும் அணியில் கோல்கீப்பர் ஆனதுதான் அமெரிக்காவில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி. அதுவும் சீக்கிரமே பறிபோனது.

பெயின்ட் அடிக்க வந்தவர்

எங்கள் கேப்டன் ஆரோக்கியம் நாகர்கோவில்காரர். சான்டா கிளாராவில் சிப் கம்பெனி ஒன்றில் வேலை. அவர் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்த ரமோன், ஸ்பெயினில் தொழில்முறை கோல்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐம்பதை நெருங்கும் வயது, சின்னத் தொப்பை. "சும்மா ஒரு ஆட்டம்" என்று சொல்லி ஆரோக்கியம் அவரை மைதானத்துக்கு அழைத்து வந்தார். அன்று எதிரணிக்கு ஒரு பெனால்டி. ரமோன் எந்தப் பக்கமும் பாயவில்லை. ஒரே ஓர் எட்டு நகர்ந்து, பால் பாக்கெட்டை வாங்குவது மாதிரி பந்தை வாங்கிக்கொண்டார்.

ஆட்டம் முடிந்து நான் வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். ஆரோக்கியம் வந்து தோளில் கை வைத்தார்.

"அண்ணாச்சி, தப்பா நினைக்காதீங்க. இப்பவும் நீங்கதான் நம்ம கோல்கீப்பர். அவரு வராத அன்னைக்கு."

கல்யாண நாள்

அவர் வராத நாள் என்று ஒன்று வரவே இல்லை. மழையில் வந்தார். காய்ச்சலோடு வந்தார். ஒரு ஞாயிறு அவர் மகளுக்குக் கல்யாணம் என்று கேள்விப்பட்டு, புது பூட்ஸ் வாங்கிக்கொண்டு, மனைவியையும் கேமராவோடு கூட்டிக்கொண்டு போனேன். மூங்கில் மாதிரி விறைத்த கோட்டு சூட்டில் ரமோன் காரிலிருந்து இறங்கினார். கோட்டைக் கழற்றிச் சீட்டில் மடித்து வைத்துவிட்டு, டிக்கியிலிருந்து கையுறையை எடுத்தார். என் மனைவி கேமராவை உறையில் போட்டு மூடினாள். நான் பார்த்த பார்வைக்கு அவர் பதில் சொன்னார்:

"கல்யாணம் சாயங்காலம்தானே!"

எழுதாத பேட்டி

பழைய தொழில் விடுமா? ஒருநாள் ஆட்டம் முடிந்ததும் அவரை உட்காரவைத்துப் பேட்டி மாதிரி கேட்டேன். அவர் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று பரவாயில்லை. ஸ்பெயினில் எத்தனை ஆட்டம் ஆடினீர்கள் என்றேன். புல்லைப் பிடுங்கிக்கொண்டே, ஒன்றுகூட இல்லை என்றார். ஒரே கிளப்பில் இளமை முழுக்க இரண்டாவது கோல்கீப்பர். முதல் ஆளுக்கு அடிபடவே இல்லை. ஒரே ஒரு தடவை விரல் பிசகியது. பெஞ்சில் இருந்த ரமோன் கோட்டைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றாராம். அந்த ஆள் விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்ப உள்ளே போய்விட்டாராம்.

"அந்த ஆள் மேல கோபம் இல்லையா?" என்றேன்.

"என்ன கோபம்? தினம் அவனுக்குப் பந்து அடிச்சுப் பழக்கினது நான்தான். ரொம்ப நல்லாப் பழக்கிட்டேன்."

கடைசி ஞாயிறு

இரண்டாயிரத்து ஒன்றில் மனைவிக்கு டெக்சாஸில் ரிச்சர்ட்சனுக்கு மாற்றல். நான் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு, இரண்டாவது பாதி எனக்கு என்று ஆரோக்கியம் அறிவித்தார். ரமோனும் தலையாட்டினார். இடைவேளையில் கையுறையைக் கழற்றிவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

நான் போய் கோல் கம்பத்தில் கை வைத்தேன். இத்தனை வருடம் நான் கேட்டது இதைத்தான். திரும்பிப் பார்த்தேன். பெஞ்சின் ஓரத்தில், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, மைதானத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி உட்கார நல்ல பழக்கம் வேண்டும். எனக்குத் தெரியும்.

கால் பிசகிவிட்டது என்று கத்திவிட்டு நொண்டிக்கொண்டே வெளியே வந்தேன். எப்படி, எங்கே என்று ரமோன் எதுவும் கேட்கவில்லை. நான் பாதி தூரம் வருவதற்குள் என்னைத் தாண்டி ஓடிவிட்டார். அந்தப் பாதியில் இரண்டு கோல் விழுந்தது. அதில் ஒன்றை நான் பிடித்திருப்பேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஃப்ரீவேயில் ஏறியதும், காரை ஓட்டிக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்:

"ஏங்க, கிரவுண்ட்ல இடது காலைத்தானே நொண்டினீங்க? பார்க்கிங்குக்கு வரும்போது அது எப்படி வலது கால் ஆச்சு?"

ரிச்சர்ட்சனிலும் நம்மவர்களின் அணி ஒன்று இருந்தது. ஆனால் அங்கே ஏற்கெனவே இரண்டு கோல்கீப்பர்கள் இருந்ததால், நான் மூன்றாவதாகச் சேர்ந்துகொண்டேன்.