மலையேறப் போகும் தயிர் சாதம்

கல்கத்தாவின் காளிகாட்டில் எங்கள் கட்டடத்துக்கு ஐந்து மாடி. நான் இரண்டாவதில் இருக்கிறேன், அனந்தலக்ஷ்மி மூன்றாவதில். வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், கணவரை இழந்தவர். தெருநாய்களையெல்லாம் பிடித்து வந்து வளர்க்கிறார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அது சரியல்ல. துர்கா பூஜைப் பந்தலின் மேடைக்கடியில் பிறந்த இரண்டு குட்டிகளை, பந்தல் பிரித்த அன்று வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவ்வளவுதான். ஒன்று அஷ்டமி, மற்றது கேசரி.

காலிம்போங் பக்கத்து மலைகளில் ஊர் ஊராகப் பத்து நாள் நடக்க வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. நாய்கள் வேண்டாம், நீங்கள் மட்டும் வாருங்கள் என்று இரண்டு மலைநடைக் குழுக்கள் சொல்லின. "அதுகள் இல்லாம நான் எதுக்கு?" என்று இரண்டு குழுக்களையும் விட்டுவிட்டார். கடைசியில் பாசாங் என்ற வழிகாட்டி, நாய்களைச் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டார்.

கல்கத்தாவில் மேடு என்றால் மேம்பாலம்தான். ஆகவே அனந்தலக்ஷ்மி படிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். முதுகுப் பையில் இட்லி அரிசி மூட்டை, இரு பக்கமும் நாய்கள். காலையிலும் மாலையிலும் ஏறி இறங்குவார். புனேயிலிருந்து மகள் ஸ்மிதா தொலைபேசியில் கத்துவது என் வீடுவரை கேட்கும்.

"அம்மா, உனக்கு அறுபத்திரண்டு வயசு!"

"தெரியும்டி. நான்தானே வாழ்ந்தேன்."

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் சுபீர் பாபு, ஐந்தாவது மாடிக்காரர், நாய்கள் படிக்கட்டைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டினார். அனந்தலக்ஷ்மி அதைக் கேசரிக்கு உரக்கப் படித்துக் காட்டிவிட்டு மேலே ஏறினார்.

ஜனவரியில் பாசாங் வந்தார். நாய்களைக் காலை முழுவதும் ஆற்றங்கரையோரம் நடத்திக் கூட்டி வந்தார். நடையில் குறை சொல்ல முடியவில்லை. ஆனால், திரும்பியதும் அவர் தட்டில் வைத்த உலர்ந்த நாய்த்தீனியை இரண்டும் முகர்ந்து பார்த்துவிட்டு அனந்தலக்ஷ்மியின் முகத்தைப் பார்த்தன.

"வீட்டில் என்ன போடுவீர்கள், மாஜி?" என்று பாசாங் இந்தியில் கேட்டார். மாஜி என்றால் அம்மா.

"தயிர் சாதம்."

"வேறே?"

"கொஞ்சம் நெய் விட்டுப் பருப்பு சாதம்."

பாசாங் சிரிக்கவில்லை. "மேலே அந்தக் குளிரில் தயிர் உறையாது, மாஜி. சாப்பிடாத நாய் மூன்றாம் நாள் படுத்துவிடும். என்னால் கூட்டிப் போக முடியாது."

நம் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. ஐந்து வருஷம் தன் நாக்கை நாய்களுக்கும் பழக்கி வைத்திருந்தார். எதிர்வீட்டு வங்காளிகள் மீன்தலை கொடுத்தபோதெல்லாம் கும்பிட்டுத் திருப்பி அனுப்பியவர். பட்டினி போட்டால் நாய் வழிக்கு வரும் என்று நான்கூடச் சொன்னேன்.

"முதல்ல உங்க வயித்தைப் பட்டினி போட்டுப் பாருங்கோ," என்றார்.

மறுநாள் குழைய வடித்த சாதத்தில் தயிரும் பருப்பும் பரங்கிக்காயும் பிசைந்து, மொட்டைமாடியில் பழைய வேட்டி விரித்து, வடாம் போலக் கிள்ளி வைத்தார். நன்றாகக் காய்ந்ததை வெந்நீரில் ஊறவைத்தால் மறுபடி சாதம். இரண்டும் தட்டை நக்கின. அது மட்டும் போதாது, முட்டை வேண்டும் என்றார் கால்நடை மருத்துவர். முட்டையைச் சமையலறைக்குள் விடாமல், பால்கனியில் தனி அடுப்பு வைத்தார். மார்ச்சில் போகும் நடையின் பத்து நாளுக்கும் வேண்டிய வடாம் காய்ந்து சேர்ந்தால்தான் பாசாங்கைத் திரும்பக் கூப்பிட முடியும்.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம், வடாம் காய்ந்துகொண்டிருக்கும்போதே, சுபீர் பாபு மொட்டைமாடிக் கதவைப் பூட்டிவிட்டார். வானம் மூடிக்கொண்டு வந்தது. அனந்தலக்ஷ்மி சண்டைக்குப் போகவில்லை. சுபீர் பாபு வீட்டு வாசலில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். அஷ்டமி நிலைப்படி ஓரம் நீட்டிப் படுத்தது; கேசரி செருப்பு வைக்கும் இடத்தில். நாய்களோடு அவர் ஏறிய சத்தம் கேட்டு நானும் பின்னாலேயே போனேன். பேச்சு வங்க மொழியில் நடந்தது; தமிழில் எழுதுகிறேன். அதில் திதி என்றால் அக்கா, தாதா என்றால் அண்ணா.

சுபீர் பாபு கடைக்குப் போகப் பையோடு கதவைத் திறந்தார். "இதென்ன தர்ணாவா, திதி?"

"உட்கார்ந்திருக்கேன். சாவியைக் குடுங்க, எழுந்துக்கறேன்."

"மாடி எல்லோருக்கும் பொது. நாய்ச் சோறு காயப்போடற இடமில்லை."

"பொதுன்னா எனக்கும்தானே பொது? தாண்டிப் போங்க, தாதா. கேசரி கடிக்காது. அஷ்டமியைப் பத்தி நான் சொல்ல மாட்டேன்."

சுபீர் பாபு ஒரு காலைத் தூக்கினார். அஷ்டமி தலையைத் தூக்கியது. காலை உள்ளே எடுத்துக்கொண்டார்.

"ராத்திரி வரைக்கும் இப்படியேவா?"

"மார்ச் வரைக்கும்."

அப்போது முதல் தூறல் ஜன்னல் தகரத்தில் விழுந்தது. உள்ளேயிருந்து அவர் மனைவி மௌசுமி ஓடி வந்தார்.

"மாடியைப் பூட்டினீங்களா? என் போரி மேலே காயுதே! இவ்வளவு பருப்பு அரைச்சு வெச்சிருக்கேன்!" போரி என்பது அவர்கள் வீட்டு வடாம்தான், குளிர்காலத்தில் பருப்பு மாவைச் சின்னச் சின்ன உருண்டையாக வைத்துக் காயவைப்பார்கள்.

"எனக்கென்ன தெரியும், நீ சொல்லவே..."

"சாவி!"

மௌசுமி சாவியைப் பிடுங்கிக்கொண்டு நாய்களைத் தாண்டி ஓடினார். அனந்தலக்ஷ்மியும் பின்னாலேயே. இரண்டு பெண்களும் வேட்டியின் ஆளுக்கொரு முனையைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். பிறகு போரித் தட்டுகள். ஓரத்தில் இருந்த கொஞ்சம் வடாம் நனைந்துவிட்டது. மற்றவை பிழைத்தன.

சுபீர் பாபு வாசலிலேயே நின்றார். "அறிவிப்பு அப்படியேதான் இருக்கும்," என்றார்.

"இருக்கட்டும். நாங்களும் ஏறுவோம்," என்றார் அனந்தலக்ஷ்மி.

அடுத்த வாரம் பாசாங் மறுபடி வந்தார். நீண்ட நடைக்குப் பிறகு தன் கையாலேயே வடாமை ஊறவைத்து, முட்டையை உதிர்த்துப் போட்டார். இரண்டு தட்டும் காலியாயின. அவர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார்.

"சரி, வாருங்கள். ஆனால், மூன்றாம் நாள் ஒரு செங்குத்தான ஏற்றம். அங்கே இவை மறுத்தால் உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன்."

"அதை அங்கே வந்து சொல்லுங்கோ," என்று அனந்தலக்ஷ்மி தமிழிலேயே சொல்லிவிட்டு, நனைந்துபோன வடாமுக்கு ஈடாக அரிசி களையப் போனார்.