காப்போடு போன மாப்பிள்ளை

செல்லூரில் இட்லிக்கடை போட்டு மகளை வளர்த்தவள் தாமரைச்செல்வி. புருஷன் செத்த பிறகு எவன் தயவிலும் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. மகள் திவ்யா ஒரு போலந்துக்காரனைக் கட்டிக்கொள்வேன் என்றபோது சொந்தபந்தம் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தது. தாலியை விதவை தொடக்கூடாது என்றவர்கள் கண்முன்னேயே அதை எடுத்துக் கொடுத்தவள் அவள்.

அந்த மாப்பிள்ளை மாரெக், பேரையூர்ப் பக்கம் இருக்கும் தாமரைச்செல்வியின் சொந்த ஊர்த் திருவிழாவில் தீச்சட்டி எடுக்க ஆசைப்பட்டான். விசாதான் அடுத்த வருஷம் வரை இருக்கிறதே என்று அவளே முன்னால் நின்று அவனுக்குக் காப்புக் கட்டவைத்தாள். தானும் கட்டிக்கொண்டாள். காப்புக் கட்டியவர் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது.

திரும்பும் டிக்கெட்டைத் தள்ளிப்போட, தல்லாகுளத்து டிராவல்ஸுக்குப் போன் போட்ட திவ்யா முகம் வெளிறி வந்தாள்.

"அம்மா, விசா முடியிற தேதி வேறயாம், தங்குற நாள் வேறயாம். அந்தத் தேதி வரைக்கும் வந்து வந்து போகலாம். ஆனா ஒருவாட்டி வந்தா தொண்ணூறு நாளுதான் இருக்கணுமாம். அது நாளையோட முடியுது. மீறுனா இனிமே விசா கெடைக்கிறதே கஷ்டம்மா."

தீச்சட்டிக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

அண்ணன் காசிமாயன் கோயில் கமிட்டித் தலைவர். விஷயம் தெரிந்ததும் வந்துவிட்டார்.

"இந்தப் பொட்டக்காட்டுக்குள்ள எவன் வந்து தேடப்போறான்? பேசாம இருக்கச் சொல்லு. போயித்தான் ஆகணும்னா காப்ப அறுத்துப் போட்டுட்டுப் போகட்டும். வெள்ளக்காரன் நமக்கு ஒட்ட மாட்டான்னு அப்பவே சொன்னேன்ல."

தாமரைச்செல்விக்குச் சுருக்கென்றது. தேதியைப் பார்த்து ஏமாந்தது அவள். பழி மட்டும் மாப்பிள்ளை தலையிலா?

"மாசப் பாஸ் இருக்குன்னு ஒரே பஸ்ல மாசம் பூரா உக்காந்திருக்க முடியுமாண்ணே? எங்க மாப்ள திருட்டுத்தனமா ஒளிஞ்சும் கெடக்க மாட்டாரு, காப்பையும் அறுக்க மாட்டாரு. காப்போட போவாரு. நானும் காப்போடதான் கூடப் போறேன். குத்தமுன்னா ஆத்தா மொதல்ல என்னையக் கேக்கட்டும்."

மறுநாள் ஊரே எல்லைக்கல் பக்கம் நின்று வேடிக்கை பார்க்க, காரின் முன்சீட்டில் மஞ்சள் கயிறு கட்டிய கையை வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு அவள் போனாள். ஏர்போர்ட் வாசலில் மாரெக் கண்கலங்கினான்.

"அழுகாதீக மாப்ள. ஒங்க சட்டிய நான் எடுக்குறேன்."

தீச்சட்டி அன்று காசிமாயன் வழிமறித்தார். "எல்லை தாண்டுனவ சட்டியத் தொடக்கூடாது."

பூசாரி தயங்கி நின்றார். தாமரைச்செல்வி தானே குனிந்து, வேப்பிலையைக் கையில் பரப்பி, எரியும் சட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

"தள்ளுண்ணே. இந்த வருசந்தான் நான். அடுத்த வருசம் எங்க மாப்ளயே வந்து எடுப்பாரு. அதுக்கு வழி வச்சுத்தான் அனுப்பியிருக்கேன்."