பத்தலப்பல்லி மலைப்பாதையில் ஒன்றே முக்கால் மணி நேரம்

என் நாத்தனார் லதாவைக் கட்டிக்கொடுத்திருப்பது ஆந்திராவில், வி.கோட்டாவுக்குப் பக்கத்தில். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வளைகாப்பு. பேரணாம்பட்டு, பத்தலப்பல்லி வழியாகப் போய் வந்தோம். யானைக்குப் பயந்து அந்தப் பாதையைப் பற்றிப் பலர் கேட்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

காலை ஆறரைக்கு ஆம்பூரில் டவுன் பஸ் ஏறினேன். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பேரணாம்பட்டு இருபது கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். வீட்டுக்காரர் முருகனும் எங்கள் மகள் யாழினியும் பைக்கில் வந்தார்கள். சீர்த்தட்டும் வளையல் பெட்டியும் என்னோடு பஸ்ஸில். பேரணாம்பட்டில் மூவரும் இட்லி சாப்பிட்டோம். அங்கிருந்தாவது என்னோடு வா என்று யாழினியைக் கூப்பிட்டேன். எட்டு வயதுப் பிடிவாதம், அப்பாவோடுதான் போவேன் என்றாள். எட்டு மணிக்கு அவர்கள் கிளம்பினார்கள். வி.கோட்டா பஸ் எனக்கு எட்டேகாலுக்கு. இருபத்தைந்து கிலோமீட்டர், முப்பத்தைந்து ரூபாய்.

பத்தலப்பல்லி சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். மேலே ஒரு வளைவில் யானைக் கூட்டம் நிற்கிறது, குட்டியும் இருக்கிறது என்றார் கண்டக்டர். முருகனுக்குப் போன் போட்டேன். கிடைக்கவில்லை. நாலைந்து முறை போட்டும் அதேதான். இறங்கிப் போய் அங்கிருந்த வனக்காவலரிடம் சொன்னேன். அவர் பெயர் குமரேசன், ஐம்பது வயது இருக்கும்.

"வண்டி நம்பர் இன்னாம்மா?"

சொன்னேன். நோட்டைப் புரட்டினார். எட்டு இருபதுக்கு அவர்கள் சாவடியைத் தாண்டியிருந்தார்கள். யானை ரோட்டுக்கு வந்த தகவல் எட்டரைக்கு. அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் வாக்கிடாக்கியில் ஆந்திரச் சாவடியைக் கூப்பிட்டு, ரெட்டப்பா என்பவரிடம் பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாகக் கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்று பதில் வந்தது. காத்திருந்த நேரத்தில் குமரேசன் பேச்சுக் கொடுத்தார். முன்பெல்லாம் அந்தப் பக்கம் ஒரு விஷயம் கேட்க வேண்டுமானால் இங்கே மேலதிகாரிக்குச் சொல்லி, அவர் அங்கே சொல்லி, பதில் வருவதற்குள் யானை வேறு மலைக்குப் போயிருக்குமாம். இரண்டு மாநில அதிகாரிகளும் கூடிப் பேசியபின்தான் இரண்டு சாவடிக்கும் ஒரே அலைவரிசை வந்ததாம். பாதி காதில் விழுந்தது, பாதி விழவில்லை.

பதினொரு நிமிடம் கழித்து வாக்கிடாக்கி கரகரத்தது. கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னாத்துக்கும்மா அழுவுற? உம்பொண்ணு அங்க பன் துன்னுக்கினு கீதாம்."

அப்போதுதான் உண்மையிலேயே அழுதேன். கண்டக்டர் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்.

பத்தேகாலுக்கு இரண்டு பக்கமும் சரி என்று சொன்னபிறகே பஸ்ஸை விட்டார்கள். வழியில் முறிந்த மூங்கிலும் புது யானை லத்தியும் மட்டும் கிடந்தன. ஆந்திரச் சாவடியில் யாழினி எனக்குக் கையாட்டினாள். முருகன் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு நின்றார். யானை வந்தது இவர்களுக்குப் பின்னால்தான். ஆனால் செய்தி கேட்டதும், பஸ்ஸில் என் பெண்டாட்டி வருகிறாள் என்று பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு திரும்பப் பார்த்திருக்கிறார். பஸ் கீழேயே பத்திரமாக நிற்கிறது என்று ரெட்டப்பா சொன்னதை இவர் நம்பவில்லை. கடைசியில் ரெட்டப்பாவே பைக் சாவியை உருவித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

வளைகாப்புக்குப் பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். லதா எங்களுக்காகக் காத்திருந்தாள்.

அதிகாரிகள் கூடிப் பேசினார்கள் என்று பேப்பரில் படம் வந்தால் நான் பக்கத்தைத் திருப்பிவிடுவேன். கூடிப் பேசினால் இதெல்லாம் நடக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

போகிறவர்களுக்கு: காலை ஒன்பதுக்கு மேல், மாலை நாலுக்கு முன் மலை ஏறுங்கள். மலையில் போன் எடுக்காது, ஆகவே சாவடியில் வண்டி நம்பரைத் தவறாமல் எழுதவையுங்கள். குடும்பமாகப் போனால் ஒரே வண்டியில் போங்கள். சாவடியில் சாவியைக் கேட்டால், சண்டை போடாமல் கொடுத்துவிடுங்கள்.