சீட்டுக்கு ஒரு கழுவல்

ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் தடத்தில் கண்டக்டர் பாண்டிச்செல்வத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. கொரோனா ஊரடங்கில் பஸ் ஷெட்டில் நின்றுவிட, ஓர் ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் ஐசியூ வாசலுக்குக் காவலாளியாகப் போனார். ஒரு பிள்ளைக்கு ஒருவர்தான் உள்ளே போகலாம். போகிறவருக்கு இவர் சீட்டுக் கிழித்துக் கொடுக்க வேண்டும். பிழைப்பு மாறினால் வாய் மாறுமா? “படியில நிக்காதிய, உள்ள போங்க” என்று ஆரம்பித்துவிடுவார்.

அதுகூடப் பரவாயில்லை. அந்தப் பாழாய்ப்போன விரல்தான் வம்பு. சீட்டைத் தொடுமுன் தன்னால் வாய்க்குப் போய்விடும். மாஸ்க் இருக்கிறதே என்கிறீர்களா? மாஸ்க்கின் மேலேயே தொட்டு, வராத எச்சிலை வந்ததாக நினைத்துக்கொண்டு கிழிப்பார் மனுஷன். சாயங்காலம் மாஸ்க் நடுவில் அழுக்குப் பொட்டு ஒன்று உட்கார்ந்திருக்கும்.

தொற்றுத் தடுப்பைக் கவனிக்கும் நர்ஸ் காளீஸ்வரி பொட்டைப் பார்த்துவிட்டாள். “மாஸ்க்கத் தொட்ட கையால சீட்டு. அதை வாங்குன அம்மா பிள்ளையத் தொட்டா என்னண்ணே ஆகும்? உள்ள அம்புட்டும் ஆபரேஷன் பண்ணுன பிள்ளைக. இன்னொரு தடவ பாத்தேன்னா வேலை கிடையாது.”

மறுநாள் செண்பகத்தோப்பு வெள்ளத்தாய் ஓடிவந்தாள். குடல் ஆபரேஷன் ஆகிக் கிடந்த மகன் கௌதமுக்கு அன்றுதான் மூச்சுக் குழாயை எடுத்திருந்தார்கள். உள்ளேயிருந்து “அம்மா” என்று கம்மிய குரல் கேட்டது. புதுச் சீட்டுக்கட்டோ ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. பின்னால் காளீஸ்வரி நிற்கிறாள். விரல் கிளம்பிவிட்டது.

வேலை போச்சே என்றுதான் முதலில் நினைத்தார். அப்போது கண்ணாடி வழியே கௌதமின் வயிற்றுக் கட்டு தெரிந்தது. மனுஷன் பயந்தேபோனார். விரல் பாதியில் நின்றது.

“செத்த நில்லு தாயி” என்று குழாயடிக்கு ஓடி, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார். ஈர விரல் பட்டதும் சீட்டு சமர்த்தாக வந்தது.

“நீயும் கழுவிட்டு உள்ள போ.”

காளீஸ்வரி சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து சீட்டுக்கு ஒரு கழுவல்.

பஸ் மறுபடி ஓடியபோதும் விடவில்லை. பையில் சானிடைசர், டிக்கெட்டுக்கு ஒரு சொட்டு. “இவர் டிக்கெட் குடுக்கதுக்குள்ள ஊரு வந்துரும்” என்று பஸ்ஸே திட்டியது.

ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் வெள்ளத்தாய் மகனோடு ஏறினாள். “படியில நிக்காதிய, உள்ள போங்க” என்றார் பாண்டிச்செல்வம், ஆளைப் பார்க்காமலே. ஐசியூ வாசலில் தினமும் கேட்ட குரல் அல்லவா? கௌதம் படியிலேயே நின்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான்.

“கழுவிட்டேன் மாமா. உள்ள போலாமா?”

பாண்டிச்செல்வம் தலையை ஆட்டினார். விசிலை வாயில் வைத்தார். அவன் உள்ளே போய் உட்காரும்வரை ஊதவில்லை.