டேங்க் வேற, பி.எம்.பி. வேற

பட்டாசு டப்பாவுக்கு லேபிள் வரைகிறவனிடம் வருகிற பார்ட்டிக்கு என்ன படம் வேண்டும் என்று முதலில் தெரியாது. நாம் வரைந்து முடித்த பிறகு, இது வேண்டாம் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். சிவகாசி பிரஸ்களில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருக்கிற சக டிசைனர்களே, உங்களுக்கு நான் சொல்லியா தெரியணும்? மயிலுக்குத் தோகை பத்தலை என்பார்கள், ராக்கெட் கத்திரிக்காய் மாதிரி இருக்கு என்பார்கள். எல்லாவற்றிலும் குட்டு வாங்கியவன் நான். ஆனால் ஆறு வருஷமாக என்னைப் போட்டு ஆட்டுவது ஒரே ஒரு வண்டியின் படம்தான்.

ரெண்டு பீரங்கி

எம். புதுப்பட்டி அண்ணாச்சி ஒருத்தர், பேன்ஸி அயிட்டம் போடுகிறவர். பற்ற வைத்தால் பொறியைக் கக்கிக்கொண்டு தரையில் நாலடி ஊர்ந்து போகிற காகித வண்டி ஒன்று புதுசாகச் செய்திருந்தார். பெயர் ‘டேங்க்’. செல்போனில் எதையோ தட்டி அவரே ஒரு படமும் வரவழைத்துக் கொண்டுவந்துவிட்டார். பார்த்தால் டேங்குக்கு ரெண்டு பீரங்கி, முன்னால் கார் கண்ணாடி, அதற்கு வைப்பர் வேறு!

எனக்குப் பொறுக்கவில்லை. “அண்ணாச்சி, டேங்குன்னா கனத்த உடம்பு, ஒரே ஒரு பெரிய பீரங்கி, உள்ள மூணு நாலு பேருதான். பி.எம்.பி.ன்னு இன்னொண்ணு இருக்கு. அதுவும் செயின் சக்கரத்துலதான் ஓடும். ஆனா மேல ஒல்லியா ஒரு குழல், பின்னாடி ஏழு சிப்பாய் உக்கார இடம். சண்டை நடக்குற இடத்துல கதவைத் திறந்து இறங்குவாங்க. உங்களுக்கு இதுல எது வேணும்?” என்று மூச்சுவிடாமல் கேட்டேன். அண்ணாச்சி தன் காகித வண்டியை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏன் தம்பி, இம்புட்டுக்காணு அட்டைக்குள்ள ஏழு பேரை எங்கிட்டு உக்கார வெக்கப் போறீக?”

ஒரு லோடு

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்பீர்கள். என் தம்பி கதிரேசன் ராணுவத்தில் பி.எம்.பி. ஓட்டுகிறான். அவன் வேலைக்குப் போன புதுசில் எனக்கு மட்டும் என்ன தெரியும்? செயின் சக்கரம் இருக்கு, மேலே குழல் இருக்கு, போதாதா? ‘என் தம்பி டேங்க் ஓட்டுறான்’ என்று தெருவெல்லாம் தம்பட்டம் அடித்துக்கொண்டு திரிந்தேன்.

முதல் லீவில் அவன் வந்தது நல்ல கோடை. ஆனைக்குட்டம் அணை காய்ந்து கிடந்தது, குழாயில் தண்ணீர் வந்து பத்து நாள் ஆகியிருந்தது. எதிர்வீட்டுப் பாக்கியத்தக்கா குடத்தோடு வந்து அவனை வழிமறித்தாள். அவள் கேட்டதற்குத் தெருவே சிரித்தது. கதிரும்தான் சிரித்தான். இவன் எதையும் தாங்கிக்கொள்வான் என்று நான் நினைத்தது அன்றைக்குத்தான். அக்கா கேட்டது இதுதான்: “ஏலே கதிரு, டேங்கு ஓட்டுறியாம்ல? போறப்ப நம்ம தெருவுக்கு ஒரு லோடு எறக்கிட்டுப் போலே!”

கல்யாணப் பத்திரிகை

அவன் கல்யாணத்துக்குப் பத்திரிகை எங்கள் பிரஸ்ஸில்தான். நான்கு கலரில், மூலையில் தங்க நிறத்தில் ஒரு டேங்க். மாப்பிள்ளை பெயருக்குக் கீழே ‘டேங்க் ஓட்டுநர், இந்திய ராணுவம்’. அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஐம்பது பத்திரிகையை அவன் முகாமுக்கும் அனுப்பிவைத்தேன். அங்கே யாருக்கும் தமிழ் தெரியாதுதான்; ஆனால் படம் தெரியுமே! டேங்க் படைக்கும் பி.எம்.பி. ஓட்டுகிற இவர்களுக்கும் எப்போதும் ஒரு போட்டி உண்டாம். நீ எப்போதடா கட்சி மாறினாய் என்று ரயில் ஏறுகிறவரைக்கும் அவனைப் போட்டு வாட்டி எடுத்திருக்கிறார்கள்.

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தவன் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, “டேங்க் வேற, எங்க வண்டி வேறண்ணே. எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன்” என்றான், மெதுவாகத்தான். எனக்கு வாய் இருக்கிறதே, வாய்! “ஏழு பேரை ஏத்தி எறக்குறதுக்குப் பேரு மினி பஸ்தானலே? அப்ப மினி பஸ் டிரைவர்னு போட்டிருக்கணும்” என்று பொண்ணு வீட்டார் காதுபடச் சொன்னேன். பந்தியே சிரித்தது. மாமனார் சிரித்தார். புதுப்பொண்ணுகூட வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லாரும் சிரித்து முடிக்கிறவரைக்கும் கதிர் காத்திருந்தான். பிறகு இலையை மூடிவிட்டு எழுந்து சொன்னான்: “எங்க வண்டித் தகடு டேங்கு மாதிரி கனம் கெடையாதுண்ணே. பின்னாடி இருக்கிற ஏழு பேரும் என்னைய நம்பித்தான் உக்காந்திருக்காங்க. இனிமே என்னையப் பத்தி யாருகிட்டயும் நீ எதுவும் சொல்ல வேண்டாம்.”

சூலக்கரை ஸ்டாப்

அதோடு பேச்சு நின்றுபோனது. என் நம்பரை எடுப்பதில்லை. லீவு கிடைத்தால் அருப்புக்கோட்டையில் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டு அப்படியே திரும்பிவிடுகிறான். அவன் சம்சாரம் என் சம்சாரத்திடம் மாதம் ஒருமுறை பேசுவாள். அவள் போனை வைத்ததும், ‘என்னைக் கேட்டானாமா?’ என்று கேட்பேன். இல்லை என்பதை என் சம்சாரம் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மாதிரி சொல்லிப் பார்க்கிறாள், பாவம்.

ஒருநாள் விருதுநகர் போகிற பஸ்ஸில் இருந்தேன். சூலக்கரையில், கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப்பில், கதிர் நிற்கிறான்! தோளில் குழந்தை, கையில் ஏதோ பாரம். அந்தக் குழந்தையை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். எழுந்து படிக்கட்டு வரைக்கும் போய்விட்டேன். இறங்கி என்ன சொல்வது? தப்புத்தான்டா என்று நடுரோட்டில் சொல்லவா? மூஞ்சியைத் திருப்பிக்கொண்டால்? கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன், பாருங்கள், அந்த யோசனையை இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சத்தம் போட்டார்: “எறங்குறதுன்னா எறங்குங்க, இல்லாட்டி உள்ள போங்க, படியில நிக்காதீக!” நான் உள்ளே போனேன்.

பாடம்

அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். டேங்க் நாற்பது டன்னுக்கு மேலே, பி.எம்.பி. பதினாலு டன் சொச்சம்தான். டேங்க் குண்டை வாங்கிக்கொண்டும் நிற்கும். இது வாங்காமல் தப்பி ஓட வேண்டும். ஆளைப் பத்திரமாகக் கொண்டுபோய் இறக்க வேண்டும், அவர்கள் பக்கத்திலேயே நின்று சுடவும் வேண்டும். ஆனால் டேங்குக்கு இல்லாத ஒன்று இதற்கு உண்டு: ஆற்றில் இறங்கினால் மிதந்து அக்கரைக்குப் போய்விடும். மினி பஸ்ஸாம்! என் வாயில் மண்ணை அள்ளிப் போட.

தெரிந்துகொண்டதை யாரிடமாவது சொல்ல வேண்டாமா? கேட்க வேண்டியவன் போனை எடுக்கவில்லை. அதனால் வருகிற பார்ட்டிக்கெல்லாம் சொன்னேன். சங்குசக்கரத்துக்கு லேபிள் கேட்டு வந்தவர்கூடத் தப்பவில்லை. பைண்டிங் செக்‌ஷன் முத்துமாரி ஒருநாள் லேபிள் கட்டை இறக்கி வைத்துவிட்டு நேருக்கு நேராகக் கேட்டாள்: “அண்ணே, சண்டை உங்களுக்கும் தம்பிக்கும்தான? எங்களை எதுக்குண்ணே பட்டாளத்துல சேக்குறீக?”

காலி டப்பா

புதுப்பட்டி அண்ணாச்சியின் சரக்கு ராஜஸ்தானுக்குப் போகிறது என்று தெரிந்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. கதிர் இருப்பதும் அங்கேதான். அண்ணாச்சியின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். “பேரு டேங்குன்னே இருக்கட்டும், படத்தை உங்க இஷ்டத்துக்குப் போட்டுத் தொலைங்க” என்றார். பி.எம்.பி.யைப் பக்கவாட்டில் வரைந்தேன். பின்கதவு ரெண்டும் திறந்திருக்கும். ஏழு பேர் இறங்கி நடப்பார்கள், ஒருத்தருக்கும் சிறு கீறல் கிடையாது. முன்னால் எட்டிப் பார்க்கிற டிரைவருக்கு என் தம்பியின் மூக்கு.

சீசன் முடிந்து, அடுத்த ஆர்டர் சொல்ல ராஜஸ்தான் சேட்டு வந்தார். இருபது வருஷமாகச் சிவகாசிக்கு வந்து போகிறவர், தமிழை ஒருமாதிரி இழுத்துப் பேசிவிடுவார். இந்தப் படத்தைப் போட்ட ஆள் யார் என்று விசாரித்துக்கொண்டு பிரஸ்ஸுக்கே வந்துவிட்டார். கடைக்கு வந்த ஒருத்தரைப் பற்றிச் சொன்னார். உயரம் எவ்வளவு, மூக்கு எப்படி, பெயர் என்ன என்று நான் துளைத்து எடுத்தேன். சேட்டுக்கு ஞாபகம் இருந்தது இவ்வளவுதான்: “மிலிட்டரி ஆளு. டப்பா கையிலே எடுத்தான், ரொம்ப நேரம் பார்த்தான். விரல் வெச்சு ஒண்ணு, ரெண்டு, ஏழு வரைக்கும் எண்ணினான், உங்க பாஷையிலே. அப்புறம் சொன்னான், பட்டாசு வேண்டாம், காலி டப்பா மட்டும் குடு.”

இருபத்திரண்டு வருஷமாக லேபிள் வரைகிறேன், பட்டாசை வேண்டாம் என்று சொல்லி என் படத்தை மட்டும் கேட்டு வாங்கிப்போன ஒரே ஒரு மனுஷன் கிடைத்தான், அவன் பெயரைத்தான் அந்தச் சேட்டு கேட்டுவைக்கவில்லை.